வினைச்சொல்லை வாலோடு சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலப் பகுதியை விடாமல் படிப்பவன் நான். அண்மையில் அதில் 'ஒமிட்', 'எக்ஸ்க்ளூட்', 'ஸ்கிப்', 'லீவ் அவுட்', 'மிஸ் அவுட்' ஆகிய ஐந்தையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு, எதிரே 'விட்டுவிடு' என்று ஒரே பொருளைக் கொடுத்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. கட்டத்துக்குக் கீழே, இவற்றில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைத் தாராளமாகப் போடலாம் என்று ஒரு குறிப்பு இருந்தது. எனக்குச் சண்டை அந்தக் குறிப்போடுதான்.

நான் ஆங்கில ஆசிரியர் அல்ல. அச்சகத்தில் புரூஃப் பார்த்தே ஓய்வு பெற்றவன். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி மேசைக்கு வரும். மூலத்தில் இருந்து அச்சில் காணாமல் போனது எது என்று தேடுவதுதான் அந்த வேலையில் பாதி. ஒரு சொல் விட்டுப்போயிருந்தால் வரிக்குள் கூரை மாதிரி ஒரு குறி போடுவோம். அதற்கு 'கேரட்' என்று பெயர்; காய்கறிக் கேரட் அல்ல, 'குறைகிறது' என்று பொருள்படும் லத்தீன் சொல். ஒரு வரியோ பத்தியோ மொத்தமாகப் போயிருந்தால் ஓரத்தில் 'அவுட், சீ காப்பி' என்று எழுதி மூலத்தையும் சேர்த்து அனுப்புவோம். விட்டுப்போனவற்றோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆங்கில வினைச்சொல்லின் பொருள் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறுகூடத் தாண்டியதாகாது. அதற்குப் பின்னால் என்ன வரும் என்று தெரிய வேண்டும். 'ஃப்ரம்' வருமா, 'ஆஃப்' வருமா, 'டு' வருமா, 'இங்' வருமா? அந்த வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் மாணவனிடம் கொடுத்தால் அவன் தமிழின் வாலை எடுத்து ஒட்டிக்கொள்வான். வேறு என்ன செய்வான்? 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஏ. எஸ். ஹார்ன்பி அங்கே கண்டதும் இதே சிக்கலைத்தான். பொருள் தெரிந்த மாணவர்கள் வாக்கியம் அமைக்கையில் தடுமாறினார்கள். அவரும் உடன் உழைத்தவர்களும் சேர்ந்து, எந்த வினைக்குப் பின் எது வரும் என்று வினை அமைப்புகளை எண் போட்டுப் பிரித்து ஓர் அகராதியே தொகுத்தார்கள். 1942இல் டோக்கியோவில் வந்த அந்த அகராதியை 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. கற்பவர்களுக்கான அகராதிகளில் அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. நாம்தான் அந்த எழுத்துகளையும் அடைப்புக்குறிகளையும் தாண்டிப்போய்த் தமிழ்ப் பொருளை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை. 'ஒமிட்டட் ஹெர் நேம் ஃப்ரம் தி லிஸ்ட்' என்றால் சரி. 'எக்ஸ்க்ளூடட் ஹெர் ஃப்ரம் தி லிஸ்ட்' என்றாலும் சரி. 'லீவ்' என்று தொடங்கினால் 'ஃப்ரம்' ஒட்டாது. 'லெஃப்ட் ஹெர் நேம் ஆஃப் தி லிஸ்ட்' என்பார்கள். பட்டியல், அழைப்பிதழ் என்று ஏட்டில் எழுதுபவற்றுக்கு, இரண்டு 'எஃப்' போட்டு எழுதும் இந்த 'ஆஃப்' நன்றாகப் பொருந்தும். அணி, கதை, சண்டை என்று உள்ளே இருக்கக்கூடியவற்றுக்கு 'லீவ் அவுட் ஆஃப்'; இந்த 'ஆஃப்'புக்கு ஒரே 'எஃப்'. 'லீவ் மீ அவுட் ஆஃப் திஸ்' என்றால் 'இதில் என்னை இழுக்காதே' என்று பொருள். 'ஸ்கிப்' இந்த வாலெல்லாம் கேட்காது. 'ஸ்கிப்ட் ஹெர் நேம்' என்பதோடு முடிந்தது. அதற்குப் பின் 'ஃப்ரம்' போட்டால் பெரும்பாலும் பொருளே மாறி, மூன்றாம் பக்கத்திலிருந்து பத்தாம் பக்கத்துக்குத் தாவினான் என்பது போன்ற தாவலாகிவிடும்.

'ஒமிட் அவுட்' என்று மாணவர்கள் எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். 'லீவ் அவுட்' என்பதிலிருந்து வந்து ஒட்டிய 'அவுட்' அது. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் இப்படித்தான் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறும். இன்னொரு சிறு விஷயம்: 'லீவ்', 'அவுட்' இரண்டுக்கும் நடுவில்தான் 'இட்' உட்காரும். 'லீவ் இட் அவுட்' சரி. 'லீவ் அவுட் இட்' தப்பு. 'ஒமிட்' ஒற்றைச் சொல் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

நான் மிகவும் சொல்ல விரும்புவது அடுத்தது. பெயரை, சொல்லை, பக்கத்தை விடுவது ஒன்று. ஒரு செயலைச் செய்யாமல் விடுவது வேறு. நாம் 'சொல்லாமல் விட்டுவிட்டார்' என்கிறோம். 'இல்லை' என்ற எதிர்மறை 'சொல்லாமல்' என்பதிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'விட்டுவிட்டார்' அதை முடித்துவைக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி ஒமிட்டட் டு மென்ஷன் இட்' என்றால் எதிர்மறை முழுவதும் 'ஒமிட்' வயிற்றுக்குள் இருக்கிறது. 'மென்ஷன்' சுத்தமான உடன்பாடு. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? 'ஹி ஒமிட்டட் நாட் டு மென்ஷன் இட்' என்று ஒரு 'நாட்'டைச் சேர்த்துவிடும். அப்படி எழுதினால், 'சொல்லாமல் இருக்க வேண்டியவர் சொல்லிவிட்டார்' என்பது போல அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களின் கையெழுத்துப் பிரதியிலேயே இதைத் திருத்தியிருக்கிறேன். அவர்களுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. இந்த ஒரு வினையின் வயிற்றுக்குள் 'இல்லை' இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

'நெக்லெக்ட்', 'ஃபெயில்' இரண்டும் இதே குடும்பம். 'நெக்லெக்டட் டு லாக் தி டோர்' என்றால் கதவைப் பூட்டவில்லை. அசட்டை என்ற குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. 'ஃபெயில்ட் டு மென்ஷன்' என்பதில் தேர்வும் இல்லை, தோல்வியும் இல்லை. 'குறிப்பிடத் தவறினார்' என்று அழகாகத் தமிழில் வரும். அப்படியிருக்க 'குறிப்பிடுவதில் தோல்வியடைந்தார்' என்று மொழிபெயர்த்து வரும் பிரதிகளைப் பார்த்தால் சிவப்புப் பேனா தானாக எழும். 'தவறு' என்ற நம் வினையும் 'குறிப்பிட' என்ற உடன்பாட்டையே கேட்கிறது, எதிர்மறையைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'ஷி நெவர் ஃபெயில்ஸ் டு கால்' என்பதற்கு 'தவறாமல் அழைப்பார்' என்று எதிர்மறைக்கு எதிர்மறை சரியாக உட்காருகிறது. மாணவனுக்கு 'ஒமிட் டு' புரிய வேண்டுமானால் 'விட்டுவிடு' என்று சொல்லாதீர்கள். 'செய்யத் தவறு' என்று சொல்லுங்கள். பாதித் தொல்லை தீரும்.

நம்முடைய 'செய்யாமல் விடு' என்ற அமைப்பையே ஆங்கிலத்தில் கொண்டுபோக வேண்டுமா? அதற்கும் வழி இருக்கிறது. 'லீவ்' என்ற வினையோடு 'அன்' ஒட்டிய சொல்லைச் சேர்த்தால் போதும். 'லீவ் அன்டன்' என்றால் செய்யாமல் விடு, 'லீவ் அன்செட்' என்றால் சொல்லாமல் விடு, 'லீவ் அன்ஆன்சர்ட்' என்றால் பதில் சொல்லாமல் விடு. எதிர்மறை நம்மைப் போலவே அந்தச் செயலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலில் வரும் பாவ அறிக்கை, செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டோம் என்பதை இந்த 'லெஃப்ட் அன்டன்' கொண்டே சொல்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 'ஒமிட் டு'வைவிட இது இயல்பாகக் கைக்கு வரும். உங்கள் கட்டத்தில் இது இல்லை.

'எக்ஸ்க்ளூட்' பின்னால் 'டு' போட்டு ஒரு செயலைச் சேர்க்கவே முடியாது. 'எக்ஸ்க்ளூடட் ஹிம் ஃப்ரம் ஓட்டிங்' என்று 'ஃப்ரம்' வழியாகத்தான் போக வேண்டும். 'அவாய்ட்' பின்னால் 'இங்' மட்டும். 'ஸ்கிப்', 'மிஸ்' இரண்டும் 'இங்' கேட்கும். 'ஒமிட்' பின்னால் 'இங்' வரலாம் என்றும் அகராதிகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் காதில் அதிகம் விழுவது 'டு'தான்.

அடுத்தது, எதை விடுவது என்பது. 'ஸ்கிப்' வீட்டு வினை. சாப்பாடு, வகுப்பு, கூட்டம், பக்கம் எல்லாம் இதற்கு ஆகும். தாத்தாவின் சாயல் மகனை விட்டுப் பேரனுக்கு வந்தால் அது ஒரு தலைமுறையை 'ஸ்கிப்' செய்தது. ஜாமீனில் வந்தவர் கம்பி நீட்டினால் 'ஸ்கிப்ட் பெயில்'. இதில் எங்கும் 'எக்ஸ்க்ளூட்' போட்டுப் பாருங்கள், ஒன்றும் நிற்காது. 'ஒமிட்' ஏட்டு வினை. சொல், பெயர், விவரம், பூஜ்ஜியம், சமையல் குறிப்பில் மிளகாய் என்று எழுதிய ஒன்றில் இருக்க வேண்டியவற்றுக்கு இது. 'எக்ஸ்க்ளூட்' வேரில் கதவைச் சாத்துதல் இருக்கிறது; லத்தீனில் 'க்ளவ்தெரே' என்றால் மூடுதல். அதனால்தான் காற்றையும் வெளிச்சத்தையும்கூட 'எக்ஸ்க்ளூட்' செய்யலாம், ஒரு சாத்தியத்தையும் செய்யலாம். பிரிட்டனில் பள்ளியிலிருந்து மாணவரை விலக்கிவைத்தால் அதற்கும் இதே சொல். 'ஒமிட்' வேரில் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. கையிலிருந்து நழுவவிடுதல் மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தைக் காட்ட ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் முதல் பதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். அடிமைப்பெண் என்று பொருள்படும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லுக்கான குறிப்புச் சீட்டுகள் எங்கோ தொலைந்துபோய், 1888இல் வந்த முதல் தொகுதியில் அந்தச் சொல் இல்லாமல் போயிற்று. 1933ஆம் ஆண்டு இணைப்புத் தொகுதியில்தான் ஏறியது. அதே அகராதியில் கொச்சையான சில சொற்களும் இல்லை. அவற்றை ஆசிரியர்கள் தெரிந்தேதான் சேர்க்கவில்லை. முதலாவதை 'ஒமிட்டட்' எனலாம், 'லெஃப்ட் அவுட்' எனலாம், ஆனால் 'எக்ஸ்க்ளூடட்' என்றால் தொகுத்தவர்கள் மேல் வீண் பழி. இரண்டாவதற்கு 'எக்ஸ்க்ளூடட்' கச்சிதம். 'ஒமிட்' செய்தது தெரிந்தா தெரியாமலா என்று அந்த வினை சொல்லாது. அதனால்தான் அதன் பக்கத்தில் 'இனட்வர்ட்டன்ட்லி' (தெரியாமல்) என்றோ 'டெலிபரேட்லி' (தெரிந்தே) என்றோ ஒரு துணை அடிக்கடி வந்து நிற்கிறது. பத்திரிகைகளின் திருத்த அறிவிப்பில் 'வாஸ் இனட்வர்ட்டன்ட்லி ஒமிட்டட்' என்பது நிலைத்துப்போன தொடர். 'கன்வீனியன்ட்லி' வந்தால் அது குத்தல்: வசதியாக விட்டுவிட்டார்.

தமிழில் இந்தத் துணையெல்லாம் தேவையில்லை என்பதை அச்சகத்தில் தினமும் பார்த்தேன். 'ஏன்பா இந்த வரி இல்லை?' என்று கேட்டால் அச்சுக் கோக்கும் கம்போசிட்டர் 'விட்டுட்டேன்' என்று சொல்லவே மாட்டார். 'விட்டுப்போச்சு' என்பார். வரி தானே எழுந்து போய்விட்டது! 'விட்டேன்', 'விட்டுப்போயிற்று', 'விடுபட்டது', 'தவிர்த்தேன்' என்று பொறுப்பைப் படிப்படியாக நகர்த்த நம் வினைகளே போதும்.

விட்டுப்போனதிலேயே பேர்பெற்றது 1631இல் லண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூக்காஸ் என்ற அரச அச்சர்கள் அடித்த பைபிள். பத்துக் கட்டளைகளில் ஒன்றில் 'நாட்' விட்டுப்போய், விபசாரம் செய்வாயாக என்று அச்சாகிவிட்டது. 300 பவுண்ட் அபராதம். தமிழில் 'செய்யாதிருப்பாயாக' என்று எதிர்மறை வினைக்குள்ளேயே தைத்திருப்பதால், ஒரு சொல் விட்டுப்போய் இந்த விபத்து நேர வழியில்லை. தமிழ்ப் புரூஃப் பார்ப்பவர்களுக்கு அந்த ஒரு நிம்மதி உண்டு. வேறு தொல்லைகள் இருக்கின்றன, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மாணவர்களுக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றினால் ஆங்கில விளையாட்டுச் செய்தியைப் படிக்கச் சொல்லுங்கள். கிரிக்கெட் அணியில் ஒருவர் இல்லை என்பதைச் சொல்ல அங்கே எத்தனை வினைகள்! 'டிராப்ட் ஃப்ரம்' என்றால் போன ஆட்டத்தில் இருந்தார், இந்த ஆட்டத்தில் கழற்றிவிட்டார்கள். இதுவரை அணியிலேயே இல்லாதவரை 'டிராப்' செய்ய முடியாது, அவருக்கு 'ஓவர்லுக்ட்'. அதுவும் 'ஓவர்லுக்ட் ஃபார்', இந்த 'ஃபார்' பின்னால் கிடைக்காமல் போன இடம் வரும். பதவி உயர்வு கிடைக்காதவருக்கு 'பாஸ்ட் ஓவர் ஃபார்' என்பதும் இதே அச்சு. 'ரூல்ட் அவுட் ஆஃப்' என்றால் பெரும்பாலும் காயம், தேர்வாளர்களைத் திட்ட வேண்டாம். 'புல்ட் அவுட் ஆஃப்' என்றால் அவரே விலகினார். 'லெஃப்ட் அவுட் ஆஃப்' காரணம் சொல்லாமல் நழுவும். 'ரெஸ்டட்' என்றால் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. இத்தனையையும் 'நீக்கப்பட்டார்' என்று தமிழில் எழுதினால் காயம்பட்டவரும் கழற்றிவிடப்பட்டவரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கும் இதைச் சொல்லலாம்.

'மிஸ் அவுட்' பற்றி உங்கள் கட்டத்தில் இருந்தது பிரிட்டிஷ் வழக்கு மட்டும். 'யூ மிஸ்ட் அவுட் எ வேர்ட்' என்று பிரிட்டனில் சொல்வதை அமெரிக்கர்கள் 'லெஃப்ட் அவுட்' என்பார்கள். பின்னால் 'ஆன்' சேர்ந்து 'மிஸ் அவுட் ஆன்' ஆகிவிட்டால் இரு நாட்டிலும் வேறு பொருள்: நல்ல வாய்ப்பு கைநழுவியது. 'மிஸ்ட் அவுட் ஆன் எ வேர்ட்' என்று எழுதிய மாணவர், ஏதோ ஒரு சொல்லை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை என்று வருத்தப்படுவது போல இருக்கும்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பில் புத்தகங்களின் அடியில் 'ஈ அண்ட் ஓஇ' என்று சின்ன எழுத்தில் இருக்கும். 'எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் எக்ஸெப்டட்' என்பதன் சுருக்கம் அது: பிழையும் விடுதலும் இருந்தால் அவை நீங்கலாக, அதாவது பின்னால் திருத்திக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு. 'விடு' என்ற பொருளின் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கும் தொடர் இது. இதை விரித்து அச்சடிக்கக் கொடுத்தவர்களில் 'எக்ஸெப்டட்' என்று சரியாக எழுதிக் கொடுத்தவர்கள் குறைவு. பலர் 'அக்ஸெப்டட்' என்று எழுதியிருப்பார்கள்; பிழைகள் ஏற்றுக்கொள்ளப்படும். சிலர் 'எக்ஸ்பெக்டட்', பிழைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. கேட்டுத் திருத்தினால் ஒப்புக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் 'இருக்கட்டும் சார், அதுவும் உண்மைதானே' என்று சொல்லி 'எக்ஸ்பெக்டட்' என்றே அடித்து வாங்கிப்போனார்.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை ஆங்கில வினை ஒன்றைப் போடும்போது தமிழ்ப் பொருளோடு அதன் வாலையும் சேர்த்துப் போடுங்கள். 'ஒமிட்' என்றால் பக்கத்திலேயே 'ஃப்ரம்', 'டு'. கீழே ஒரு முழு வாக்கியம். அதைப் பெரும்பாலும் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு வரி. ஐந்து வினைக்கு இடம் போதாது என்றால் வாரத்துக்கு ஒன்று போடலாம், குடி முழுகிப்போகாது. எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். ஒரே நிபந்தனை: அச்சுக்குப் போகுமுன் புரூஃபை எனக்கு அனுப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர்